யார் குரலில் பேசினாலும்

ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆறு லட்சம் பேரோடு தனித்தனியாகப் பேச முடியும் என்றால், அவர் பேசிய பேச்சு எது? இந்தக் கேள்வியோடு நான் பதினோரு மாதம் குடித்தனம் நடத்தினேன். என்னோடுகூட நீ இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லையே என்று என் கணவர் குறைப்பட்டுக்கொண்டார்.

நான் பரிமளா, அரசு சிறப்பு வழக்கறிஞர். எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்றவர் மண்மீட்புக் கழகத்தின் தலைவர் பெருநற்கிள்ளி. பெற்றோர் வைத்த பெயர் சுரேஷ். கட்சி ஆரம்பித்ததும் சோழ அரசனாகிவிட்டார். தொண்டர்களுக்கு மட்டும் அவர் 'சித்தப்பா'.

கடல் உள்ளே வந்து சென்னையில் பாதியை எடுத்துக்கொண்ட பிறகு சட்டமன்றம் திருச்சிக்கு வந்தது. வீடிழந்து வந்த கடலோர மக்களுக்கு உள்நாட்டில் நிலம் ஒதுக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்த தை மாதக் காலையில், மண்மீட்புப் படை என்ற பெயரில் முந்நூறு பேருக்கு மேல் அரிவாளும் துப்பாக்கியுமாகச் சபைக்குள் புகுந்தார்கள். உறுப்பினர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு புதிய அரசை அறிவிப்பது அவர்கள் திட்டம். ஐந்து மணி நேரத்தில் பத்தொன்பது பேர் செத்தார்கள். ஏழு பேர் காவலர்கள், ஒருவர் சபையின் சுருக்கெழுத்தாளர், மீதிப் பதினோரு பேர் உள்ளே புகுந்த பையன்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சிறையில் இருந்தார்கள். சித்தப்பாவோ மகள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அது உண்மைதான், இட்லிக்குச் சாட்சிகூட உண்டு. "படை வேறு, கழகம் வேறு. பையன்கள் ஆத்திரப்பட்டுவிட்டார்கள்" என்றார். எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலையை நாங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை செய்து முடித்திருந்தோம்.

பழைய ராஜத்துரோகச் சட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஒரு காலத்தில் கேலிச்சித்திரம் போட்டவனையும் மேடையில் பாடியவனையும் பிடித்துப் போட உதவிய சட்டம் அது. புதிய சட்டத்தின் வாய் சிறியது. மக்கள் தேர்ந்தெடுத்த சபைமேல் ஆயுதம் தூக்கியவனையும், தூக்கும்படி அவனை அனுப்பியவனையும் மட்டும்தான் அது கடிக்கும். அனுப்பியதை நிரூபிக்க வேண்டும். பேசினார், எழுதினார், முறைத்தார் என்பதெல்லாம் போதாது.

அங்கேதான் குரல்நிழல் குறுக்கே வந்தது. உரிமம் பெற்ற எந்தத் தலைவரும் தன் குரலையும் குணத்தையும் ஓர் இயந்திரத்துக்குப் பழக்கி, அதைத் தன் நிழலாக வைத்துக்கொள்ளலாம். தொண்டர் வீட்டில் ஒரு பேச்சுப்பெட்டி இருக்கும், தொண்டன் காதில் ஒரு சிறு கருவி. காதுக்கருவியில் பேசியதும் வீட்டுப் பெட்டியிலேயே பதிவாகும். சித்தப்பாவின் நிழல் தினமும் ஆறு லட்சம் வீடுகளில் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்தது. ஒருவனுக்குச் சொன்னது அடுத்தவனுக்குத் தெரியாது. தாக்குதல் நடந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கழகம் ஒரே கட்டளையில் ஆறு லட்சம் பெட்டிகளையும் துடைத்துவிட்டது. தனிமனித ரகசியத்தைக் காப்பாற்றினார்களாம்.

ஒரு பெட்டி தப்பியிருந்தது.

கீரனூருக்குப் பக்கத்தில், மில் கேன்டீனில் சமையல் செய்யும் மாரிக்கண்ணு வீட்டில் அதைப் பார்த்தேன். செத்த பையன்களில் ஒருவனான தங்கையாவின் தாய். கணவர் முன்பே இறந்துவிட்டார். அலமாரியில் மஞ்சள் துணி சுற்றிய பெட்டி இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"தம்பி செத்த சேதி மூணு மணிக்கு வந்துச்சும்மா. எழவு வீட்ல பெட்டி பேசலாமான்னு பங்காளி ஒருத்தரு வந்து கம்பியப் புடுங்கிட்டாரு. வருசம் திரும்புற வரைக்கும் போடக் கூடாதுல்ல. தலைத்திவசம் கழிஞ்சு போடலாம்னு வெச்சிருக்கேன். அவன் பேசுனதெல்லாம் அதுல இருக்கும்."

ஆறு மணிக்குக் கட்டளை வந்தபோது அந்தப் பெட்டிக்குக் காது இல்லை. திவசத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

"உங்க மகன் தங்கையாதானே சித்தப்பாகிட்ட அதிகமாப் பேசுவாரு?" என்றேன்.

தலையை ஆட்டினாள். "அவன்தான். நானுந்தான் பேசுவேன். சாயங்காலம் அலுத்து வந்தா யாரு நம்மள கேக்குறா? அது கேட்டுச்சு."

தடயவியல் கூடத்தின் சவரிராயனைக் கூட்டிவந்தேன். வாயில் எப்போதும் சீரகம் மெல்லும் மனிதர். சேதி எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர்.

"கரன்ட் குடுத்தா முடிஞ்சுது மேடம். அரை நாளுக்கு மேல வலையில இல்லாம இருந்து முழிச்சா, தன்னையே அழிச்சுக்கிற மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க. இந்தம்மா திவசத்தன்னிக்குப் போட்டிருந்தா ஒரு வார்த்தைகூட மிஞ்சியிருக்காது."

"வேற வழி?"

"கரன்ட் குடுக்காம, உள்ள இருக்கற சில்லைச் சீவிச் சீவிப் படிக்கணும். ஒரு மணி நேரப் பேச்சு கெடைக்கும். மிச்சம் தூளாப் போயிடும். எந்த ஒரு மணி நேரம்னு முன்னாடியே சொல்லிடுங்க."

மாரிக்கண்ணு பெட்டியின் மஞ்சள் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "படம் பாத்துட்டு வந்து கதையெல்லாம் அதுகிட்டதான் சொல்லுவான். சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதக் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். பிறகு துணியோடு பெட்டியைத் தூக்கிச் சவரிராயன் கையில் வைத்தாள். "சிரிப்பு எனக்கு ஞாபகத்துல இருக்கு. கடைசி மணி நேரத்த எடுங்க. அவன யாரு அனுப்புனதுன்னு எனக்குத் தெரியணும்."

எட்டு நாள் கழித்துச் சவரிராயன் கூப்பிட்டார். போனதும் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். முதன்முறையாக அவர் வாயில் சீரகம் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் சித்தப்பாவின் நிழல் பூனையாய் நடந்தது. "உன் மனசுக்குச் சரின்னு பட்டதைச் செய், தங்கையா" என்றுதான் சொன்னது. கட்டளை என்று எடுக்க ஒரு வார்த்தை இல்லை. பிறகு பையன் குரல் வந்தது, மூச்சு வாங்க.

"சித்தப்பா, இங்க ஒரு பொம்பளப் போலீசு விழுந்து கெடக்கு. ரத்தமா இருக்கு. என்னால முடியல. நான் அருவாளப் போட்டுட்டேன். வீட்டுக்குப் போறேன்."

"இரு தங்கையா, அம்மா பேசுறாங்க."

அடுத்து வந்தது மாரிக்கண்ணுவின் குரல். அதே கரகரப்பு, வார்த்தை முடிவில் அதே இழுப்பு. "தங்கையா, பாதியில திரும்பி வந்தியன்னா என் மூஞ்சில முழிக்காத. உள்ள போ. முடிச்சிட்டு வா."

அரிவாள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா."

பதினெட்டு நிமிடத்தில் காதுக்கருவி நின்றுபோனது. மருத்துவ அறிக்கையில் இருந்த நேரமும் அதுவே.

"போலியா இருக்குமா?" என்றேன்.

"இருக்கலாம். பொட்டி மாசக்கணக்கா இந்தம்மா பேச்சைக் கேட்டிருக்கு. ஆனா என்னால நிரூபிக்க முடியாது மேடம். அலைக்கு அலை ஒண்ணா இருக்கு. அவங்களே பேசுனாங்கன்னு அந்தப் பக்கம் சொன்னா நம்மகிட்ட பதில் இல்லை."

போலியா இல்லையா என்றுகூட நான் சரியாக யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பெண்மேல் வெறுப்புத்தான் வந்தது. பையன் ஒன்றும் உத்தமன் இல்லை. அரிவாளோடு போனவன்தான். ஆனால் திரும்ப நினைத்தானே! இவள் தள்ளிவிட்டு, மஞ்சள் துணி சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறாளே! அவளையும் வழக்கில் சேர்க்க மனு எழுதி, பையில் வைத்துக்கொண்டுதான் கீரனூர் போனேன்.

பதிவைப் போட்டேன். மகன் குரல் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தன் குரல் வந்ததும் முந்தானை கீழே விழுந்தது.

"இது நான் இல்ல."

"குரல் உங்களோடது. அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்லதான், தனியா. கொரலு என்னோடதுதான். ஆனா இது நான் இல்லம்மா."

"எப்படி நம்பறது?"

"அது பேரு சொல்லிக் கூப்புடுதே."

எனக்குப் புரியவில்லை. அவள் எனக்குப் பாடம் நடத்துகிறவள்போல அல்லாமல், வெட்கத்தோடு சொன்னாள். "அது எங்க மாமா பேரும்மா. தாத்தா பேரத்தான வெச்சோம். மாமனாரு பேர வாயால சொல்லக் கூடாது. பொறந்ததுலேருந்து தம்பின்னுதான் கூப்புடுவேன். கோவம் வந்தா ஏலேன்னுவேன். ஆசுபத்திரில, ரேசன் கடையில, பள்ளிக்கூடத்துல, எங்க கேட்டாலும் எழுதித்தான் காட்டுவேன். நீங்ககூட அன்னிக்குப் பேரச் சொல்லித்தான கேட்டீங்க? நான் சொன்னனா?"

சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினாள். மனுவைப் பையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வயதில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்ததில்லை.

"இதை வேற எங்கயாவது யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?"

யோசித்தாள். "பொணவறையில ஒரு ஏட்டய்யா. பேரச் சொல்லும்மான்னு கத்துனாரு. அப்பவும் சொல்லல. பேனா குடுத்தாரு."

அந்தப் படிவம் எங்கள் வழக்குக் கட்டிலேயே இருந்தது, இருநூற்றுப் பதினான்காவது ஆவணமாக. ஏட்டு எரிச்சலோடு எழுதியிருந்தார்: 'இறந்தவர் பெயரைத் தாயார் வாயால் கூற மறுத்துவிட்டார். மாமனார் பெயராம். எழுதிக் காட்டினார்.' கீழே கோணல் எழுத்தில் தங்கையா. இந்தப் பதிவைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத நாளில் எழுதப்பட்டது.

ஆனால் இது குரல் போலி என்று மட்டுமே காட்டும். போலியைச் செய்யச் சொன்னது சித்தப்பாதான் என்று எது காட்டும்? நிழலுக்கு உரிமம் வாங்குகிறவர், அது எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளைத் தன் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சித்தப்பா நாற்பது விதிகள் சொல்லியிருந்தார். பத்து மாதமாக அதை மேடைப் பேச்சு என்று நினைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்று ஏழாவது விதியில் என் விரல் நின்றுவிட்டது.

மறுநாள் மாரிக்கண்ணுவிடம் வெளிப்படையாகச் சொன்னேன். "இதை இப்பவே சொன்னா அந்த ஆள் உஷாராயிடுவாரு. உதவியாளர் எழுதுன விதின்னு சொல்லித் தப்பிச்சிடுவாரு. அவர் கூண்டுல ஏறி, விதியெல்லாம் என்னோடதுன்னு சொல்ற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. நான் பதிவைக் கோர்ட்டுல போடுவேன். அவங்க வக்கீல் குரல் உங்களோடதான்னு கேப்பாரு."

"என்னான்னு சொல்லணும்?"

"உண்மையைச் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும். மூணு வாரம் ஊரே உங்களைத் திட்டும். புள்ளைய அனுப்புனவன்னு சொல்லும்."

"வேலைவெட்டி இல்லாம இருக்கியேன்னு நான் ஏசுனதாலதான் அவன் அங்க போனான்னு பதினோரு மாசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். ஊரும் சேந்து சொல்லட்டும்" என்றாள்.

நீதிபதி ஜமீலா பேகத்தின் முன்னால் பதிவு ஓடியது. சித்தப்பாவின் வழக்கறிஞர் சேஷகிரி வெண்ணெய் திரண்டதைக் கண்டவர்போல் எழுந்தார்.

"இது உங்கள் குரல்தானே, அம்மா?"

"கொரலு என்னோடதுதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கதை கந்தல். நானும் மறுவிசாரணை வேண்டாம் என்றேன். எனக்கு உதவிய இளைய வழக்கறிஞர்கள் என்னைப் பைத்தியம்போல் பார்த்தார்கள்.

அந்த மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். 'மகனைக் கொன்ற தாய்' என்று திரைகளெல்லாம் அலறின. கேன்டீனில் அவள் கை பட்ட சோறு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். தெருக்குழாயில் அவள் குடத்தை யாரோ உருட்டிவிட்டார்கள். மகனின் திவசத்துக்குப் பங்காளிகள் ஒருவரும் வரவில்லை, தனியாகப் படைத்தாள். சித்தப்பா பெரிய மனது பண்ணி அறிக்கை விட்டார்: "பாவம், அந்தத் தாயை மன்னித்துவிடுங்கள்." நான் என் அறையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். தினமும் அவளுக்குப் போன் போட்டேன். "இருக்கேம்மா, நீங்க வேலையப் பாருங்க" என்பாள், வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நேரலை இருந்தது, தேர்தல் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஏறினார்.

"உங்க நிழலோட விதிகளை யார் எழுதினது?" என்று தொடங்கினேன்.

"நான்தான்."

"உதவியாளர்கள் யாராவது?"

"ஓர் எழுத்துகூட இல்லை. என் பிள்ளைகளோடு பேசுவதற்கு எனக்கு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமா?"

"எந்த விதி உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?"

சேஷகிரி ஆட்சேபித்தார். சித்தப்பா கையமர்த்தினார். கூடத்தில் இருந்த தொண்டர்களைப் பார்த்துத் திரும்பி, மனப்பாடமாகவே சொன்னார்: "ஏழாவது விதி. 'என் நிழல் யாரிடம் பேசினாலும், யார் குரலில் பேசினாலும், தொண்டனைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். டேய், தம்பி என்பதெல்லாம் கூடாது.' ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் உண்டு, அதுதான் அவன் மானம்."

கைதட்டல் எழுந்தது. நீதிபதி அதட்டி அடக்கினார். தவளை தன் வாயால் கெடும் என்பதை அதற்குமுன் நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"ஐயா, 'யார் குரலில் பேசினாலும்'னு சொன்னீங்களே. உங்க நிழல் உங்க குரல்லதானே பேசும்? வேற யார் குரல்?"

"அது... ஓர் ஓசை நயத்துக்காக."

"நிழலுக்கு ஓசை நயம் தெரியாது. சொன்னதைச் செய்யும். வேற குரல்ல பேச நீங்க அனுமதி குடுத்திருக்கீங்க, அப்போ எப்படிக் கூப்பிடணும்னும் சொல்லிக்குடுத்திருக்கீங்க. சரிதானே?"

சித்தப்பா சேஷகிரியைத் திரும்பிப் பார்த்தார். மாரிக்கண்ணுவை மறுபடி சாட்சியாக அழைக்க அனுமதி கேட்டேன். மகன் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் பேனா கேட்டாள். சேஷகிரி சிரித்தார், இந்தக் காலத்தில் இதெல்லாம் நாடகம் என்றார். இருநூற்றுப் பதினான்காவது ஆவணத்தை நீதிபதியிடம் நீட்டினேன். அவர் ஏட்டின் குறிப்பை உரக்கப் படித்தார். பிறகு பதிவை இன்னொரு முறை போடச் சொன்னார். 'தங்கையா' என்று அந்தக் குரல் தொடங்கியபோது நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுள் தண்டனை. கழகத்தின் உரிமம் ரத்து. நிழலுக்குப் பேச்சுரிமை இல்லை, அதன் வாய்க்கு அதன் உடையவரே பொறுப்பு என்று தீர்ப்பில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இத்தனை நாள் மல்லுக்கட்டினேன். அன்றைக்கே மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சிறைக் கண்காணிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு விசேஷம். இந்தக் கேசுல உள்ள இருக்கற பசங்கள்ல நூத்தி நாப்பது பேரு வந்த நாள்லேருந்து அவங்கம்மாவப் பாக்க மாட்டேன்னுட்டானுங்க. வாராவாரம் வந்து கேட்லயே அழுதுட்டுப் போவாங்க. வெக்கப்படறானுங்கன்னு நெனச்சோம். நேத்து தீர்ப்பை டிவியில பாத்தானுங்க. ஒருத்தன் சொவத்துல முட்டிக்கிட்டு அழறான். இப்ப அத்தன பேரும் அம்மாவப் பாக்கணும்னு மனு எழுதிக் குடுத்திருக்கானுங்க."

சித்தப்பா ஒருவனுக்கும் கட்டளை இடவில்லைதான். கட்டளையெல்லாம் அம்மாக்கள் குரலில் போயிருக்கிறது.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை, கீரனூருக்கே போனேன். மாரிக்கண்ணு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குழாயடிப் பெண்கள் இரண்டு பேர் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடிக்கிறவரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் மலர்ந்தது. நூற்று நாற்பதா என்று இரண்டு தடவை கேட்டாள். அவர்களில் கீரனூர்ப் பையன்கள் உண்டா என்று விசாரித்தாள்.

பிறகு முறத்தை ஓரமாக வைத்தாள்.

"அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு. எம்புள்ளைக்கு யாரும்மா போய்ச் சொல்றது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இருவரும் அழுதோம்.

அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

"மேல்கோர்ட்டு என்னிக்கு?"

"பங்குனி நாலாந்தேதி."

"மொத பஸ்சுலயே வந்துர்றேன்" என்று சொல்லி முறத்தைக் கையில் எடுத்தாள்.